41 ஆணிகள்: ஒரு பழைய பச்சின்கோ பலகையில் நடந்தது

9 ஆணிகளைக் கெடுத்த பிறகுதான், எனக்கு ஆணி பிடுங்கத் தெரியாது என்பதே எனக்குத் தெரிந்தது. பிடுங்க வேண்டியவை மொத்தம் 41, எல்லாம் பச்சின்கோ என்ற ஜப்பானியக் குண்டு விளையாட்டு இயந்திரத்தின் பலகையில் இருந்த பித்தளை ஆணிகள். கெட்ட ஒன்பதில் 2 பாதியில் முறிந்து அடிப்பாகம் பலகைக்குள்ளேயே தங்கிவிட்டது. 4 ஆணிகளின் உடம்பில் குறடின் பல் பதிந்துவிட்டது. 3 முழுதாகத்தான் வந்தன, ஆனால் வரும்போது துளையைப் புனல் மாதிரி அகலமாக்கிவிட்டு வந்தன. மீதி 32 ஆணிகளை ஒரு கீறலும் இல்லாமல் எடுத்து, அதே துளைகளில் திரும்பவும் அடித்தேன். இந்த இரண்டுக்கும் இடையே ஆறு வாரம் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் என்ன கற்றேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

இயந்திரமும் அதன் நிலையும்

ஒஹையோவில் ஒரு கராஜ் சேலில் கிடைத்தது. நிஷிஜின் தயாரிப்பு, 1970களின் தொடக்கம். விசையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு ஒவ்வொரு குண்டாக ஏவுகிற பழைய வகை. ஜப்பானில் பச்சின்கோ கடைகள் இயந்திரங்களைச் சீக்கிரமே கழித்துக் கட்டிவிட்டுப் புதியதை மாட்டும். அப்படிக் கழித்தவை 1970களில் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கு வந்து, வீட்டு பேஸ்மென்ட்களில் பொம்மையாக நின்றன. விற்றவரின் அப்பா வாங்கியதாம். வருடா வருடம் ஆணிகளைப் பாலிஷ் போட்டுத் துடைப்பாராம். இந்தத் தகவலை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சின்கோவைப் பார்த்திராதவர்களுக்கு: செங்குத்தாக நிற்கும் ஒரு பலகை, முன்னால் கண்ணாடி. 11 மி.மீ. விட்டமும் ஐந்தரை கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு வளைந்த தண்டவாளத்தில் மேலே ஏறி, ஆணிக் காட்டுக்குள் விழுந்து, தட்டித் தடுமாறிக் கீழே வரும். வழியில் ஏதாவது ஒரு பைக்குள் விழுந்தால் பின்பக்கம் ஒரு துலாக்கோல் சாய்ந்து, மணி அடித்து, 15 குண்டுகள் தட்டில் கொட்டும். விழாவிட்டால் அடியிலுள்ள ஓட்டையில் போயே போயிற்று. விளக்கு எரிய மட்டும்தான் மின்சாரம். மற்றதெல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

ஆக, ஆட்டமே ஆணியில்தான் இருக்கிறது. ஜப்பானியர் இந்த ஆணி அமைப்பை 'கேஜ்' என்பார்கள். ஆரம்பத்தில் ஆணிகள் பலகை முழுக்க ஒரே சீராக இறைந்து கிடந்தன. 1940களின் இறுதியில் நகோயாவைச் சேர்ந்த மசமுரா தகெயிச்சி அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, நடுவே வெற்றிடம் விட்டு, சுழலும் காற்றாடிகளைச் சேர்த்தார். இன்றுவரை பச்சின்கோ பலகையின் எலும்புக்கூடு அதுதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் உண்டு. உச்சியில் இருப்பவை வான ஆணிகள், குண்டை உருட்டிக்கொண்டு போகும் வரிசை பாதை ஆணிகள், காற்றாடிக்கு மேலே அடர்ந்திருப்பவை கவச ஆணிகள். பையின் வாய்க்கு நேர் மேலே காவலுக்கு நிற்கும் இரண்டுக்குப் பெயர் 'இனோச்சி குகி', அதாவது உயிர் ஆணி. அந்த இரண்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கடையின் லாபக் கணக்கே மாறும்.

அதை மாற்றுவதற்கென்றே ஆள் இருந்தார். 'குகிஷி', ஆணிக்காரர். கடை மூடிய பிறகு, கண்ணாடியைத் திறந்து, சின்னச் சுத்தியலால் ஆணித் தலையை மெல்லத் தட்டி, ஒன்றை இறுக்குவார், ஒன்றைத் தளர்த்துவார். அனுமதி பெற்ற இயந்திரத்தில் கடைக்காரர் கை வைக்கக்கூடாது என்பது சட்டம். நடந்தது வேறு. பழைய இயந்திரத்தில் ஆணிகள் கொஞ்சம் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்து 'வயசாகிவிட்டது' என்று நிமிர்த்திவிடுபவர்கள் உண்டு. அந்தக் கோணல் பாதிக்கு மேல் யாரோ வேண்டுமென்றே வைத்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு இரவில் ஒருவர் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போன கையெழுத்து.

சரி, என் இயந்திரத்துக்கு வருகிறேன். பேஸ்மென்ட் ஈரம் இடது கீழ் மூலையில் ஏறியிருந்தது. பிளைவுட்டின் மேலடுக்கு பிரிந்து உப்பி, அதன்மேல் ஒட்டியிருந்த படம் போட்ட தாள் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளித்திருந்தது. குண்டு அங்கே வந்ததும் சுரத்தில்லாமல் நின்றுவிடும். அந்த மூலையில் ஒரு டியூலிப் பை, ஒரு காற்றாடி, 41 ஆணிகள். டியூலிப் என்பது ஒரு குண்டு விழுந்ததும் இதழ் விரித்து, அடுத்த குண்டு விழுந்ததும் மூடிக்கொள்ளும் பை. 1960ல் வந்தது.

ஆணிகளை எடுக்காமலேயே ஊசியால் பசையை உள்ளே செலுத்திப் பார்த்தேன். பசை போயிற்று. ஆனால் உப்பலை அழுத்திப் பிடிக்க, இத்தனை ஆணித் தலைகளுக்கு நடுவே கட்டை வைக்க இடமில்லை. அதனால்தான் பிடுங்க முடிவு செய்தேன். வேறு காரணத்துக்காகப் பிடுங்கியிருந்தால் அது முட்டாள்தனம். பலகை காய்ந்து, தாள் படிந்து இருந்தால், களிம்பு போக்குவதற்காகவெல்லாம் ஆணியைப் பிடுங்க வேண்டியதில்லை. பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, ஆணியைச் சுற்றி ஷூ துடைக்கிற மாதிரி இழுத்தாலே போதும்.

முதல் மாலை

மூக்குக் குறடு, ஒரு மரக்கட்டை, அசட்டுத் தைரியம். இவ்வளவுதான் கையில் இருந்தது. பெட்டியில் ஆணி பிடுங்குவது மாதிரி தலைக்குக் கீழே கவ்வி, இடமும் வலமும் ஆட்டித் தளர்த்தி இழுக்கத் தொடங்கினேன். ஆப்பசைத்த குரங்கின் கதை அங்கேயே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆணியில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். அது டியூலிப்புக்கு மேலிருந்த இடது உயிர் ஆணி. முதல் ஆட்டலில் பலகையோடு ஒட்டிய இடத்தில் வளைந்தது. எதிர்ப்பக்கம் ஆட்டினேன், நிமிர்ந்தது. தாளில் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மூன்று கோடுகள் ஓடின. மறுபடியும் ஆட்டினேன். பொட்டுக்கடலை உடைகிற மாதிரி ஒரு சத்தம், குறடோடு கை பின்னால் போயிற்று. கையில் தலையும் முக்கால் அங்குல உடம்பும். பலகையில் தாளோடு சமமாக ஒரு மஞ்சள் புள்ளி.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வரை போனேன். நிறுத்த வைத்தது வேறொன்று. ஒன்பது ஆணிகளும் அடுத்தடுத்து இருந்தவை. அவை போனதும் தாளிலுள்ள ஓட்டையும் மரத்திலுள்ள துளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல், ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் மெலிசான பிறை மாதிரி மரம் தெரிந்தது. தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. யோசித்தால் புரிகிற விஷயம்தான். இந்த வகைத் தாள் வயதாக ஆகச் சுருங்கும். இத்தனை காலம் அதைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்திருந்தவை ஆணிகள்தாம். ஒரே இடத்தில் அவற்றை எடுத்ததும், கட்டு அவிழ்ந்த கொடித்துணி மாதிரி தாள் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பெரிய தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த ஒன்பது ஆணிகளின் இடைவெளியை நான் அளந்து வைக்கவில்லை. முறிந்த ஆணிக்கு மாற்று வாங்கிவிடலாம். அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை எங்கே போய் வாங்குவது?

ஏன் முறிந்தது

முறிந்த இரண்டையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். முறிவு முகத்தில் பாதிதான் புதுப் பித்தளையின் பளபளப்பு. மறுபாதி கறுப்பாக, மங்கலாக இருந்தது. பல வருடத்துக்கு முன்பே பாதி வெடித்து, அந்த வெடிப்புக்குள் களிம்பு ஏறியிருக்கிறது. என் ஆட்டல் மிச்சப் பாதியைத்தான் உடைத்தது.

பித்தளையை மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் இறுகும். இறுக இறுக நொறுங்கும் தன்மை வரும். இது பாத்திரக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். உள்ளுக்குள் விசை தங்கியிருக்கும் பித்தளையில் அம்மோனியா பட்டால் தானாகவே வெடிப்பு விடும். இதைக் கண்டுபிடித்த கதை நம் பக்கத்தது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலம் வந்தாலே வெடித்துக்கொண்டிருந்தன. மழைக்காகத் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைப்பார்கள், குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், ஈரமும் சேரும். காரணம் தெளிவாக விளக்கப்பட்டது 1921ல். பருவகாலத்தில் வந்ததால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பித்தளை பாலிஷ்களில் பலவற்றில் அம்மோனியா உண்டு. குகிஷி தட்டித் தட்டி விசையேற்றிய ஆணிகள், அவற்றின் மேல் வருடா வருடம் அந்த அப்பாவின் பாலிஷ். முறிந்த இரண்டில் ஒன்று உயிர் ஆணியாக இருந்தது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். பலகையிலேயே அதிகம் தட்டு வாங்குவது அதுதானே.

வீட்டில் கிடந்த கெட்டுப்போன ஓர் ஆணியைப் புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஆனால் துளைக்குள் போகும் பகுதியில் புளிப்பு தங்கினால் பின்னால் தொல்லை. வெளியில் எடுத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைக்க முடிந்தால் மட்டும் புளி.

கற்பூர வாசம்

ஆணி கெட்டியாக இருந்தால் சால்டரிங் அயர்னை ஆணித் தலையில் வைத்துச் சூடேற்று, பிடி விடும் என்றார் ஒரு நண்பர். மரத்தில் அடித்த ஆணிக்கு நல்ல யோசனைதான். இங்கே அது வீட்டைக் கொளுத்துகிற யோசனை.

பலகை மேலுள்ள தாளை ஜப்பானில் 'செரு' என்பார்கள். செல்லுலாய்டின் சுருக்கம். செல்லுலாய்ட் என்பது நைட்ரோ செல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்தது. எளிதில் பற்றும், பற்றினால் சட்டென்று அணையாது. பிற்கால இயந்திரங்களில் வேறு பிளாஸ்டிக் இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம். நான் கட்டைவிரலால் ஓர் ஓரத்தைச் சூடு வருமளவு தேய்த்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, பூஜையறை வாசம். அதிலிருந்து சால்டரிங் அயர்ன், ஹேர் டிரையர், வேகமாகச் சுழலும் எந்தக் கருவியும் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வரவில்லை. துணுக்கை எரித்துப் பார்க்கும் சோதனையும் வேண்டாம். அசிட்டோனும் கூடாது, செல்லுலாய்டைக் கரைத்துவிடும். எனவே அது கலந்த நகப்பூச்சு நீக்கியால் பலகையைத் துடைக்கிற வேலையை விட்டுவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் எப்போதும் போட்டுக்கொண்டேன். முறிகிற ஆணித் தலை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

மீதி 32

இந்த முறை குறடைத் தொடுவதற்கு முன் இரண்டு மாலை அளப்பதிலேயே போயிற்று. பலகையை நேர் எதிரே தூரமாக நின்று, ஓர் அளவுகோலை ஓரத்தில் வைத்துப் படமெடுத்து, அசல் அளவிலேயே அச்சிட்டு தெர்மோகோல் மேல் ஒட்டினேன். எடுக்கிற ஒவ்வோர் ஆணியும் படத்தில் தன் இடத்திலேயே குத்தி நிற்கும். எண் போட்ட கவர்களில் போட்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். எது எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதும் அப்படியே நிற்கும், கண் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும். ஜோடி ஆணிகளின் இடைவெளியைக் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இருக்கும் எஃகுக் கம்பிகளை நுழைத்துப் பார்த்து, அடியிலும் தலையருகிலும் தனித்தனியாகக் குறித்தேன். குகிஷிகள் இதற்கென்று கம்பி முனையில் உருண்டை வைத்த அளவுகளை வைத்திருப்பார்கள்.

இன்னோர் அளவு கோணம். இந்த ஆணிகள் பலகைக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. தலை கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கும், குண்டு கண்ணாடிப் பக்கம் வழியாமல் பலகைப் பக்கம் சாயட்டும் என்று. என் பலகையில் 3 முதல் 5 டிகிரி வரை. பார்வைக்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் பலகைக்கு நேர் செங்குத்தாக இழுத்தால், துளையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டுதான் வரும். முதல் மாலையில் மூன்று துளைகள் புனலானதற்கு இதுவே காரணம். ஆணி எந்த வழியே போயிற்றோ அந்த வழியேதான் வர வேண்டும்.

அப்புறம் கருவி. இரண்டு அலுமினியப் பட்டைகளைச் சேர்த்து இறுக்கி, சேருமிடத்தின் கோட்டிலேயே 1.8 மி.மீ. துளை போட்டேன். பிரித்தால் இரண்டு பட்டையிலும் அரைவட்டப் பள்ளம். அவற்றைப் பூட்டுக் குறடின் தாடைகளில் ஒட்டினேன். ஆணியின் உடம்பைச் சுற்றிலும் முழுதாகப் பிடிக்கும், பல் பதியாது. பிடிக்கிற இடம் தலைக்குக் கீழே இல்லை, பலகையை ஒட்டி அடியில். அடியில் பிடித்தால் ஆணி வளைய வழியே இல்லை.

பிடுங்கிய ஆணிகளைப் பார்த்திருந்ததால், மரத்துக்குள் இருக்கும் பகுதியில் சுருள் வரி ஓடுவது தெரிந்திருந்தது. அதனால் ஆட்டக்கூடாது, திருக வேண்டும். குறடை இடப்பக்கமாகக் கால் சுற்று மெதுவாகத் திருகினால், நெல்லுமி உடைகிற மாதிரி மெல்லிய ஓசை கேட்கும். பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறமும் கையால் இழுக்கவில்லை. ஆணியின் கோணத்துக்கே சீவிய ஒரு சின்ன மரக்கட்டை, அடியில் ஓர் அட்டைத் துண்டு, கட்டையில் ஆணி நிற்க ஒரு பிளவு. அதை ஆணியைச் சுற்றி வைத்து, கட்டைக்கும் குறடுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு ஆப்புகள். இரண்டையும் கட்டைவிரல்களால் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் குறடு, ஆணியோடு, சாயாமல் மேலே எழும்பும். நெம்புவதில்லை, உலுக்குவதில்லை. ஆப்பசைத்துக் கெடுத்தவனுக்கு ஆப்பே கைகொடுத்தது என்று வீட்டில் கிண்டல்.

ஓர் ஆணிக்கு 4 நிமிடம் ஆயிற்று. அடுத்தடுத்து எடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தேன். காலியான துளையில் உடனே அதே தடிமனுள்ள டிரில் பிட்டின் பின்பக்கத்தைச் செருகிவைத்தேன், தாள் நகராமல் இருக்க. ஐந்து ஆணிகள் திருகியும் அசையவில்லை. அவற்றை வற்புறுத்தாமல் வீட்டு ஈரப்பதம் குறைந்த ஒரு வாரம் வரை விட்டுவைத்தேன். மரம் சுருங்கியதும் நான்கு வந்தன. கடைசி ஒன்றுக்கு இரண்டு நாள், மாறி மாறி இடமும் வலமும் ஒரு நூலளவு திருகல்.

முறிந்து உள்ளே தங்கிய இரண்டும்தான் சிரமம். 4 மி.மீ. பித்தளைக் குழாயின் வாயில் அரத்தால் பல் வெட்டி, கை டிரில்லில் மாட்டி, ஆணித் துண்டைச் சுற்றி மரத்தோடு சேர்த்து வட்டமாகத் தோண்டினேன். கையால் சுற்றுவதால் சூடு ஏறாது. தோண்டிய இடத்தில் மேப்பிள் முளைக்குச்சி வைத்து ஒட்டி, புதிதாகத் துளை போட்டேன். தாளில் இரண்டு வட்ட வடு இன்றும் தெரிகிறது. வண்ணம் பூசி மறைக்கலாம், எனக்கு மனம் வரவில்லை.

பிளைவுட்டை மரப்பசையால் ஒட்டி, மெழுகுத்தாள் போட்ட கட்டையால் அழுத்தி ஒரு நாள் முழுக்க விட்டேன். திரும்ப அடிக்கும்போது அந்தந்த ஆணி அந்தந்தத் துளைக்கே, வலப்பக்கம் திருகித் திருகி, பழைய வரியிலேயே. கடைசி இரண்டு மில்லிமீட்டர் மட்டும், உயரத்துக்கு ஒரு கட்டையை அணை வைத்து, சின்னப் பித்தளைச் சுத்தியலால். புனலான மூன்று துளைகளுக்குப் பசை தடவிய மரச்சீவல். பல் பதிந்த நான்கையும் முறிந்த இரண்டையும் மாற்ற, உதிரிக்காக வாங்கிய வேறொரு சிதைந்த பலகையிலிருந்து ஆறு ஆணிகள்.

அளக்காத ஒன்பது

32 ஆணிகள் குறித்து வைத்த கால் மில்லிமீட்டர் கணக்கில் அப்படியே நின்றன. மற்ற ஒன்பதுக்குக் கணக்கு இல்லை. இயந்திரத்தை விற்றவர் விளம்பரத்தில் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சாய்வு தெரிந்தது, அளவு தெரியவில்லை. வலது டியூலிப்பின் உயிர் ஆணிகளுக்கு நடுவே 11.75 மி.மீ. இருந்தது. இடதுக்கும் அதையே வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருந்தாரா அந்த ஆணிக்காரர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? யோசித்து யோசித்து 12.25 வைத்தேன். 200 குண்டுகள் விட்டதில் டியூலிப் ஓயாமல் திறந்து மூடியது, பின்பக்கம் குண்டுத் தட்டே காலியாகிவிட்டது. எந்தக் கடையும் அப்படி விட்டிருக்காது.

ராத்திரி பதினொன்றுக்கு மேல், எல்லாரும் தூங்கியதும், கண்ணாடியைத் திறந்து இடது உயிர் ஆணியின் தலையில் மெதுவாக இரண்டு தட்டு. கம்பி வைத்துப் பார்த்தேன். 11.5.

மறுநாள் மகள் அரைமணி நேரம் ஆடினாள். தட்டு காலி. "அப்பா, நேத்து நல்லாதானே விழுந்துச்சு, இன்னிக்கு ஏன் இந்தப் பக்கம் ஒண்ணுகூட விழ மாட்டேங்குது?" என்று கேட்டாள். இயந்திரத்துக்கு வயசாகிவிட்டது என்று சொன்னேன். அன்றிரவு இன்னொரு தட்டு, எதிர்ப்பக்கமாக.